ஆப்பா, அக்காவா? கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கு எதை வாங்குவது

எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் 3/4ஐயும் 2/5ஐயும் கூட்டச் சொன்னால் 5/9 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. தொகுதியோடு தொகுதியைக் கூட்டியாயிற்று, பகுதியோடு பகுதியைக் கூட்டியாயிற்று, வேலை முடிந்தது. முக்காலோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு விடை முக்காலைவிடக் குறைந்துவிட்டதே என்ற சந்தேகம் எழவில்லை. பள்ளியில் அதே பிள்ளைக்கு இந்த வாரம் நடக்கும் பாடம் இயற்கணிதம்.

மதுரை செல்லூரில் நெசவாளர், கட்டட வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்காக நடக்கும் ஒரு மாலைப் படிப்பகத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை நாற்பது பேர் வருகிறார்கள். எல்லோரும் தமிழ்வழி. பெரும்பாலோரின் நிலை மேலே சொன்னதுதான். சிலர் அதற்கும் கீழே, கடன் வாங்கிக் கழிப்பதிலேயே தடுமாறுகிறார்கள். நாலைந்து பேர் நன்றாகப் போடுகிறார்கள். படிப்பகத்தை நடத்தும் தம்பிகளிடம் இப்போது நன்கொடையாக ஒரு தொகை வந்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் தானே கண்டுபிடித்து, அதற்கேற்பக் கணக்குக் கொடுக்கும் மென்பொருளை வாங்கலாமா, இல்லை சொல்லிக்கொடுக்க ஓர் அக்காவை அமர்த்தலாமா என்பது அவர்கள் கேள்வி. உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். வீட்டில் ஒரே ஒரு பிள்ளைக்கு ஆப் வாங்க நினைக்கும் பெற்றோரும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள். ஆகவே இரு தரப்புக்குமாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மென்பொருள் அதிகக் கெட்டிக்காரத்தனமானது என்று ஒப்பிடுவது வீண்வேலை. இரண்டே விஷயங்களை ஒப்பிட்டால் போதும். பிள்ளை உண்மையில் நிற்கும் இடம்வரை அது இறங்கி வருகிறதா? அது தரும் அறிக்கையைப் பார்த்து மறுநாள் ஏதாவது செய்ய ஓர் ஆள் இருக்கிறாரா? இந்த இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் பணத்தை வேறு எதற்காவது செலவழிக்கலாம்.

இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

இந்த வகை மென்பொருள் இன்று நேற்று வந்ததல்ல. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கார்பெட், ஆண்டர்சன் என்ற இருவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வகுத்த முறையின் வழித்தோன்றல்கள்தான் இன்றும் பல ஆப்களின் உள்ளே ஓடுகின்றன. ஒவ்வொரு திறனுக்கும் நான்கு நிகழ்தகவுகளை அது கணக்கில் வைத்திருக்கும். பிள்ளைக்கு இது முன்பே தெரிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு, ஒரு கணக்கைப் போட்டதும் கற்றுக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு, தெரியாமலேயே குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல எவ்வளவு வாய்ப்பு, தெரிந்தும் கைதவற எவ்வளவு வாய்ப்பு. ஒவ்வொரு விடைக்கும் பிறகு இந்த மதிப்பீடு மாறும். போதிய அளவு உயர்ந்தால் அடுத்த திறனுக்கு அனுப்பும், உயராவிட்டால் அதே இடத்தில் இன்னும் கணக்குகள் வரும்.

இதிலிருந்து வாங்குபவருக்கு ஒரு பாடம் நேரடியாகக் கிடைக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் ஆப்பில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒருமுறை சரியாகிவிடும். பிள்ளைக்குத் தெரியுமா தெரியாதா என்று முடிவுகட்ட இயந்திரத்துக்கு அதிகக் கேள்விகள் தேவைப்படும். விடையைத் தட்டச்சு செய்யச் சொல்லும் ஆப் குறைந்த கேள்விகளிலேயே உண்மையைப் பிடித்துவிடும். அதோடு 5/9 என்ற விடை வந்தால், ‘தவறு, மீண்டும் முயற்சி செய்’ என்று சொல்வது ஒரு வகை. இந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று கண்டுகொண்டு, 3/4ஐயும் 5/9ஐயும் பக்கத்தில் பக்கத்தில் படமாக வரைந்து காட்டி, கூட்டினால் குறையுமா என்று கேட்பது இன்னொரு வகை. விலைப்பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும்.

வீட்டுக்கு ஆப்

முதலில் கதவைத் தட்டுவது இதுதான். ஆண்டுச் சந்தா, சில இடங்களில் டேப்லெட்டும் சேர்த்து, தவணை வசதியோடு. விற்க வருபவர்களின் காட்சியில் 1984ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு அடிக்கடி தலைகாட்டும். பெஞ்சமின் ப்ளூம் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர், தனியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சராசரி மாணவர் வழக்கமான வகுப்பின் 98 சதவீதம் பேரைவிட மேலே போய்விட்டார் என்று எழுதியது அது. அங்கே சொல்லிக்கொடுத்தவர்கள் மனிதர்கள் என்பதைக் காட்சி சொல்லாது. பிறகு வந்த ஆய்வுகளில் மனித ஆசிரியரின் தனிப்பயிற்சிக்கே அதில் பாதிப் பலன்கூடத் தெரியவில்லை என்பதையும் சொல்லாது.

மதுரை வீடுகளில் ஆப்பின் உண்மையான எதிரி கைப்பேசிதான். வீட்டில் நல்ல போன் ஒன்று. அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் திரும்பும். அப்போது அக்காளுக்கும் தம்பிக்கும் அதே போன் வேண்டும். கையில் கிடைத்த பிறகும் கணக்குக்கும் குறும்படங்களுக்கும் இடையே ஒரு விரல் தூரம்தான். ஆகவே சந்தாவின் விலையை அப்படியே பார்க்காமல், பிள்ளை உண்மையில் உட்காரும் நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இருபது நிமிடம் பயன்படுத்தினால் ஆண்டுக்குப் பதினேழு மணிநேரம் வரும். மணிக்குச் சுமார் 350 ரூபாய்! அந்தக் காசுக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்க நல்ல ஆசிரியர் கிடைப்பார்.

பக்கத்தில் யாரும் இல்லாதபோது பிள்ளை என்ன செய்யும் என்பதும் தெரிந்த கதை. ‘குறிப்பு’ என்ற பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினால் கடைசியில் விடையே வந்துவிடும் என்பதைக் கண்டுபிடிக்க எந்தக் குழந்தைக்கும் அதிக நேரம் ஆகாது. கார்னகி மெலனில் 2004இல் இதையே தனியாக ஆராய்ந்தார்கள். இப்படி மென்பொருளை ஏமாற்றி முன்னேறும் மாணவர்கள் கற்றதும் குறைவாகவே இருந்தது. நம் பிள்ளைகள் மட்டும் இப்படி என்று யாரும் வருந்த வேண்டாம்.

நீண்டகாலச் சந்தாவை முன்பணமாகக் கட்டுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட பைஜூஸ் நிறுவனம் 2024 ஜூலையில் திவால் தீர்வு நடவடிக்கைக்குள் போனதை நாடே பார்த்தது. எந்த நிறுவனமாக இருந்தாலும் ஓராண்டுக்கு மேல் கட்டாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு வீட்டு ஆப் யாருக்குப் பொருந்தும்? தானாக உட்காரும் பழக்கம் உள்ள, ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்த, வகுப்பு நிலையிலேயே இருக்கிற பிள்ளைக்கு. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவையே இல்லை. கான் அகாடமி இலாப நோக்கற்ற நிறுவனம், அதன் இணையத்தளத்தில் பாடங்களும் பயிற்சிகளும் இலவசம். அதில் நம் நாட்டு என்சிஇஆர்டி பாடநூல் வரிசையில் கணக்குப் பயிற்சிகள் இருக்கின்றன. அடுத்த வகுப்புக்குப் போகுமுன் முந்தைய வகுப்பில் விட்டதைப் பிடிக்கத் தனித் தொகுப்புகளும் இருக்கின்றன. ஒவ்வொரு திறனிலும் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும். ஆனால் பிள்ளையை அதுவே கையைப் பிடித்து ஆறு வகுப்புக் கீழே கூட்டிப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரியவர் ஒருவர் தலைப்பைத் தேர்ந்து ஒதுக்கினால்தான் நன்றாக வேலை செய்யும். படிப்பகத்தின் அந்த நாலைந்து பேருக்கு இதுவே போதும். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் தேர்வு எழுதப்போகிறவர்கள் பழைய வினாத்தாள்களோடு இதையும் வைத்துக்கொள்ளலாம். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை, சின்ன விஷயமல்ல.

அரசின் மணற்கேணி செயலியையும் பாடநூலில் அச்சாகியிருக்கும் கியூஆர் குறியீடுகளையும் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். தமிழில் நல்ல விளக்கப் படங்கள், இலவசம், நம் பாடத்திட்டம். பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் காணொளி எல்லோருக்கும் ஒன்றுதான், பிள்ளைக்கேற்ப மாறாது. இங்கே நாம் ஒப்பிடும் பொருள் வேறு.

மையத்தில் மென்பொருள்

இந்த வழிக்குத்தான் நம் நாட்டிலேயே வலுவான சான்று இருக்கிறது, ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும். மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து டெல்லியில் நடந்த சோதனை அது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் ஆகிய மூவரும் 2019இல் வெளியிட்டார்கள். நடுநிலை வகுப்புகளில் படிக்கும் 619 பிள்ளைகளில் குலுக்கல் முறையில் சிலருக்கு மையத்தில் இலவச இடம் கிடைத்தது. வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை மணிநேரம். அதில் பாதி நேரம் கணினியில், மீதிப் பாதி ஓர் உதவியாளரோடு சிறு குழுவாக. நாலரை மாத முடிவில், இடம் கிடைத்தவர்கள் கணக்கில் 0.37 திட்ட விலக்கமும் இந்தியில் 0.23 திட்ட விலக்கமும் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். கணக்கில் அந்த 0.37ஐ எளிதாகச் சொன்னால், நூறு பேர் வரிசையில் நடுவில் நின்ற பிள்ளை ஏறத்தாழ 64ஆம் இடத்துக்கு ஏறியது போல. சராசரியாகப் பாதிக்குச் சற்று மேலான நாட்களுக்குத்தான் அவர்கள் வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆய்வில் இரண்டு செய்திகள் விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தார்கள், ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது இடைவெளி நாலரை வகுப்பாகியிருந்தது. மென்பொருள் அந்தந்தப் பிள்ளையின் நிலைக்கு இறங்கிப் போய் அங்கிருந்து தூக்கியது. விளைவு என்ன? உதாரணமாக, மூன்றாம் வகுப்புக் கணக்கில் நின்ற பிள்ளை அதைத் தாண்டி மேலே ஏறியிருக்கும். பள்ளித் தேர்வோ எட்டாம் வகுப்புக் கேள்விகளைக் கேட்கிறது. ஆகவே பள்ளியின் கணக்கு மதிப்பெண்ணில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை.

இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லாமல் யாரும் மென்பொருள் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காலாண்டுத் தேர்வில் 28 வாங்கிய பிள்ளை அரையாண்டில் 31 வாங்கினால், ‘மாலை முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து என்ன கிழித்தாய்’ என்ற கேள்வி வரும். பிள்ளை மறுவாரம் டியூஷனுக்கு மாற்றப்படும். டியூஷனில் பள்ளிப் பாடத்தையே இன்னொரு முறை வேகமாக நடத்துவார்கள், மாதிரி வினாத்தாள் கொடுப்பார்கள், மதிப்பெண் கொஞ்சம் ஏறும், பின்னம் அப்படியே கிடக்கும். இதில் பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் கையில் இருக்கும் ஒரே அளவுகோல் மதிப்பெண் பட்டியல். மாற்று அளவுகோலைக் கொடுக்க வேண்டியது படிப்பகத்தின் வேலை: ஜூனில் இந்தப் பிள்ளைக்கு இன்னின்ன கணக்கு வரவில்லை, டிசம்பரில் வருகிறது, இதோ பிள்ளையின் கையெழுத்திலேயே பாருங்கள் என்று இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

இரண்டாவது செய்தி செலவு. இடம், ஆள், கணினி எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு மாதம் சுமார் 1,000 ரூபாய் ஆனது. எண்ணிக்கை பெருகினால் குறையும் என்கிறார்கள், குறையட்டும். செல்லூரில் நாற்பது பேருக்கு அந்தக் கணக்கைப் போட்டால் மாதம் 40,000 வருகிறது. அத்தனை பணம் அவர்களிடம் இல்லை. இடம் சும்மா கிடைக்கிறது என்பதால் அதில் பாதிச் செலவில் முடிக்கலாம் என்று நினைக்கிறேன்.

முன்னேற்றத்தில் பெரும்பங்கு மென்பொருளுக்கே என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதை மறுக்க எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் பிள்ளையை வரவழைத்தது ஒரு மையம், நாற்காலியில் உட்காரவைத்தது ஓர் ஆள். அந்த இரண்டையும் கழற்றிவிட்டு மென்பொருளை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் இதே பலன் வரும் என்று அந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை.

ஆசிரியரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கணினியை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் குஜராத்தில் ஒரு சான்று இருக்கிறது. லீ லிண்டன் 2008இல் எழுதியது. பள்ளி நேரத்தில், நன்றாக நடந்துகொண்டிருந்த வகுப்புக்குப் பதிலாகக் கணினியில் உட்காரவைத்தபோது பிள்ளைகள் தெளிவாகப் பின்தங்கினார்கள். அதே மென்பொருளைப் பள்ளி முடிந்த பிறகு கூடுதலாகக் கொடுத்தபோது முன்னேறினார்கள். மாலைப் படிப்பகம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பது நல்ல செய்தி.

பொறுமைக்கும் காசு ஒதுக்க வேண்டும். அமெரிக்காவில் ஏழு மாநிலப் பள்ளிகளில் இயற்கணித மென்பொருள் ஒன்றைச் சோதித்து ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு ஒரு பலனும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில்தான் உயர்நிலைப் பள்ளிகளில் நூறு பேர் வரிசையின் நடுவில் நிற்கும் மாணவர் எட்டு இடம் மேலே போனார். ஆசிரியர்களுக்கே கருவி பழக ஓராண்டு ஆகிறது.

அக்கா

மென்பொருளே இல்லாத வழி. பக்கத்துத் தெருவில் கல்லூரி படிக்கும் பெண், அல்லது பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பெண். கையில் கரும்பலகை, சாக்பீஸ், கொஞ்சம் தீக்குச்சிகள்.

இதற்கும் சான்று உண்டு, அதுவும் மலிவான சான்று. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய திட்டத்தை பானர்ஜி, கோல், டுஃப்லோ, லிண்டன் ஆகியோர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். பின்தங்கிய பிள்ளைகளில் பதினைந்து, இருபது பேரைத் தனியே அழைத்து, அதே பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் தினம் இரண்டு மணிநேரம் அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார். வதோதராவில் இன்னொரு சோதனை, நான்காம் வகுப்புக்குக் கணினிக் கணக்கு விளையாட்டு, வாரம் இரண்டு மணிநேரம், ஒரு கணினிக்கு இரண்டு பேர். அக்கா வழியில் 0.28 திட்ட விலக்கம், கணினி வழியில் கணக்கில் மட்டும் 0.47. கணினி ஜெயித்தது போலத் தெரிகிறது அல்லவா? செலவைப் பாருங்கள்: ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு அக்கா வழியில் சுமார் இரண்டேகால் டாலர், கணினி வழியில் பதினைந்து டாலருக்குச் சற்று மேல். போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைத்ததைக் கணக்கிட்டால் அக்காதான்.

நம் மாநிலத்திலேயே 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்களைக் கொண்டு மாலையில் ஒன்றரை மணிநேரம் நடந்தது. அவர்களுக்கு மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். கிராமப்புறத் தமிழகத்தில் சுமார் 19,000 சிறு குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், கொரோனாக் காலத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறையக் கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது. தொடக்கப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பதும் இதே சிந்தனைதான்: வயதைப் பார்க்காதே, நிலையைப் பார்.

அப்படியென்றால் மென்பொருள் எதற்கு? எட்டாம் வகுப்புக்கு வரும்போது ஒரே அறையில் ஆறேழு நிலைகள் இருக்கும். ஒருவனுக்கு வகுத்தல் வராது, ஒருத்திக்கு வகுத்தல் வரும், மீ.சி.ம. வராது, இன்னொருவனுக்கு எல்லாம் வரும், ஆனால் 0.4ஐவிட 0.35 பெரியது என்பான், முப்பத்தைந்து நான்கைவிடப் பெரியதுதானே என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பத்துப் பத்துக் கணக்கு எழுதிக்கொடுத்து, திருத்தி, மறுநாள் அதற்கேற்ப மாற்றி எழுதிக்கொடுக்க எந்த அக்காவாலும் முடியாது. நானே நல்ல உடம்போடு இருந்த காலத்தில் முயன்று கைவிட்ட வேலை அது. இயந்திரம் அதைச் சலிக்காமல் செய்யும். முகம் சுளிக்காது, ‘இது கூடத் தெரியாதா’ என்று கேட்காது. ஒன்பதாம் வகுப்புப் பையன் நான்காம் வகுப்புக் கணக்கைப் போடுவதைப் பக்கத்தில் இருப்பவன் பார்க்கவும் மாட்டான். அந்த வயதில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது பிள்ளைகளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் எண் மதிப்பே புரியாத பிள்ளைக்கு, பத்துப் பத்தாகக் கட்டுப்போட்டுக் காட்ட வேண்டிய பிள்ளைக்கு, வாய்க்கணக்கைத் தமிழில் வாசிக்கவே திணறும் பிள்ளைக்குத் திரை உதவாது. அங்கே ஆள்தான் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுக்கொள்ளட்டுமே?

தம்பிகளில் ஒருவர் கேட்டது. கணக்கைப் படம் எடுத்து அனுப்பினால் படிப்படியாகத் தமிழிலேயே விளக்குகிறதே, காசும் கேட்பதில்லையே என்றார். உண்மைதான். துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஜிபிடி 4ஐ அப்படியே பயன்படுத்தக் கொடுத்த பிரிவு, பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் அதிகமாகச் சாதித்தது. பிறகு அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கியது. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி கட்டுப்படுத்திய பிரிவில் அந்த வீழ்ச்சி பெரும்பாலும் இல்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டிய, தன் சந்தேகத்தைத் தானே சொற்களில் கேட்கத் தெரிந்த மாணவருக்கு இது துணையாகலாம். தனக்கு எது தெரியவில்லை என்பதே தெரியாத எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டாம்.

பொதுத்தேர்வுக்கு நாலைந்து மாதமே இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் வேண்டாம். பாடநூல், பழைய வினாத்தாள், திருத்திக்கொடுக்கும் ஆசிரியர்.

வாங்குமுன் விற்பவர் எதிரில் செய்து பார்க்க வேண்டியவை

அவர்கள் காட்டும் காட்சியைப் பார்க்காதீர்கள். கருவியை உங்கள் கையில் வாங்கி, எட்டாம் வகுப்பு மாணவராக உள்ளே நுழைந்து, வேண்டுமென்றே கால் மணிநேரம் தவறாகவே விடை கொடுங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு, அதையும் தவறவிட்டால் நான்காம் வகுப்புக்கு அது இறங்குகிறதா? எட்டாம் வகுப்புக்குள்ளேயே எளிய கணக்கு, கடினக் கணக்கு என்று சுற்றிச் சுற்றி வருகிறதா? பின்னது என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். 5/9 என்று எழுதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். குறிப்புப் பொத்தானை விடாமல் அழுத்திப் பாருங்கள். தமிழ் என்று அவர்கள் சொல்வது பொத்தான்களின் பெயர் மட்டுமா, கேள்வியும் விளக்கமும் தமிழா, நம் பாடநூல் தமிழா என்று பாருங்கள். இணையத்தைத் துண்டித்துப் பாருங்கள். ஒரே ஹாட்ஸ்பாட்டில் பத்துக் கணினி ஓட வேண்டியிருக்கும். பிள்ளைகளின் விவரங்கள் யாரிடம் போகின்றன, நிறுத்தினால் அழிப்பார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

கணினிக்குப் புதிதாகச் செலவழிக்கும் முன் தெருவில் கேட்டுப் பாருங்கள். அண்ணன், அக்காமார்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் பரணில் தூங்குகின்றன. பேட்டரி போயிருக்கும், ஆனால் மின்சாரத்தில் செருகினால் பல ஓடும். ஒரு கணினிக்கு இருவரை உட்காரவைக்கும் யோசனையை மட்டும் இங்கே கைவிடுங்கள். தனித்தனிக் கணக்கு வைத்திருக்கும் மென்பொருளுக்கு விடை எழுதியது முருகனா செல்வியா என்று தெரியாது. இருவரையும் கலந்து ஒரு மூன்றாவது பிள்ளையை உருவாக்கிவிடும்.

செல்லூர்த் தம்பிகளுக்கு நான் எழுதிக்கொடுத்தது இதுதான். நாற்பது பேரை இருபது இருபதாகப் பிரித்து, ஒரு பிரிவு திங்கள், புதன், வெள்ளி, மறு பிரிவு செவ்வாய், வியாழன், சனி. ஒரு மாலையில் பத்துப் பேர் முக்கால் மணிநேரம் கணினியில், பத்துப் பேர் அக்காவிடம், பிறகு மாற்றிக்கொள்வது. பத்துக் கணினி போதும். ஒரு பிள்ளைக்கு வாரத்துக்குக் கணினியில் இரண்டேகால் மணிநேரமும் அக்காவிடம் அதே அளவும் பயிற்சி கிடைக்கும். அக்காக்கள் இருவர், அவர்களுக்கு மரியாதையான ஊதியம், உரிமக் கட்டணத்துக்கு முன்பாக இதை ஒதுக்கிவிட வேண்டும். சனிக்கிழமை கடைசி அரைமணி அறிக்கைக்கு: யார் எங்கே சிக்கியிருக்கிறார் என்று இருவரும் பார்த்து அடுத்த வாரக் குழுக்களை மாற்ற வேண்டும். இந்த அரைமணியைச் செய்ய ஆள் இல்லையென்றால் மென்பொருளையும் விட்டுவிடலாம். ஒப்பந்தம் ஓராண்டுக்கு மட்டும், பொங்கல் விடுமுறைக்குப் பிறகு தொடர்வதா வேண்டாமா என்று முடிவு.

இதற்கெல்லாம் முன்பு ஜூன் மாதத்தில் ஒரு தாள் தேர்வு. பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்கிடவும் தெரிகிறதா என்று வீடு வீடாகப் பார்க்கும் அசர் கணக்கெடுப்பில் பயன்படுத்தும் ஒற்றைத் தாள் தமிழிலேயே கிடைக்கிறது. எண்களைக் காணுதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான் ஆகும். அதோடு பின்னத்தில் இரண்டு, தசமத்தில் இரண்டு கணக்குகளை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாதவர்கள் பாதிப்பேருக்கு மேல் இருந்தால் இந்த ஆண்டு மென்பொருள் வாங்க வேண்டாம், இரண்டு அக்காக்களுக்குப் பதில் நான்கு பேரைப் போடுங்கள். கழித்தலும் வகுத்தலும் வந்து, பின்னத்திலும் தசமத்திலும்தான் பெரும்பாலோர் நிற்கிறார்கள் என்றால் விற்பனையாளரைக் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.